யாருக்கும் சொல்லாதீங்க சார்

எங்கள் ஜி.எம். போன் இல்லாத காலத்தில் எப்படி நிர்வாகம் செய்தார் என்று எனக்குத் தெரியாது. ராணிப்பேட்டையில் அந்த ஷூ கம்பெனியில் நான் சேர்ந்தபோதே அவர் இடது கையில் போன் இருந்தது. வலது கை அதைத் தடவுவதற்கு. கையெழுத்து வாங்கப் போனால், பேனா பிடிக்க மூன்றாவதாக ஒரு கையைத் தேடுகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் தடுமாறுவார். ஏற்றுமதிச் சரக்கோடு போகவேண்டிய காகிதங்களைத் தயார் செய்வது என் வேலை. அதனால் அந்தத் தடுமாற்றத்தை தினமும் பார்க்கிற பாக்கியம் எனக்கு உண்டு.

தோல் வெட்டுவது, தைப்பது, ஒட்டுவது, பெட்டியில் போடுவது எல்லாம் ஷெட்டில் நடந்தன. கம்பெனி நடந்தது குரூப்பில். கல்யாணப் படங்களும், மாத்திரை இல்லாமல் சர்க்கரை குறைக்கும் வழிகளும் வந்து விழுகிற அதே ஆப்தான். அதில் 'புரொடக்‌ஷன் ஃபேமிலி' என்று ஒரு குரூப்பை ஜி.எம். ஆரம்பித்திருந்தார். நிஜச் சூரியனுக்கு முன்னால் அவருடைய சூரியன் அதில் உதித்துவிடும். சூரியனுக்குக் கீழே ஒரு புலி, புலிக்குக் கீழே ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வாசகம். யார் யார் பதில் வணக்கம் போட்டார்கள் என்று கவனிப்பார். வணக்கம் போடாதவருடைய லைனில் அன்றைக்கு ஒரு தையல் கோணலாகப் போனால் அது குரூப்பில் போட்டோவாக வரும், சிவப்பு வட்டம் போட்டு.

அந்தக் குடும்பத்தில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சூப்பர்வைசர்கள், ஸ்டோர்காரர், மெக்கானிக்குகள், ஆள் ஏற்றி வரும் வேன்களின் டிரைவர்கள், கேன்டீன் கான்ட்ராக்டர், பசை சப்ளை செய்கிறவர். வேலையை விட்டுப் போனவர்களும் இருந்தார்கள், அவர்களை நீக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருத்தர் ஆம்பூரில் போட்டிக் கம்பெனியில் சேர்ந்து நல்ல பதவிக்கும் போய்விட்டார். அங்கே உட்கார்ந்துகொண்டு எங்கள் ஜி.எம்.முக்குத் தவறாமல் குட்மார்னிங் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் புது மாடல் ஷூக்களின் போட்டோவுக்கெல்லாம் முதல் ஆளாகக் கைதட்டுவதும் அவர்தான்.

லீவு கேட்பதும் அங்கேதான். தனியாகப் போன் செய்தால் ஜி.எம். எடுக்கமாட்டார். "குரூப்ல போடு, காரணத்தோட போடு. நம்மகிட்ட எல்லாமே ஓப்பன்" என்பார். ஒரு மெக்கானிக், வயிற்றுப்போக்கு என்று போட்டார். எத்தனை தடவை என்று ஜி.எம். கேட்டார். அவரும் குடும்பத்தார் அனைவரும் அறிய எண்ணிக்கையைச் சொன்னார். கட்டிங் செக்‌ஷன்காரர் ஒருத்தர் மாமனார் இறந்துவிட்டார் என்று போட்டபோது, போட்டோ அனுப்பச் சொன்னார் ஜி.எம். சோளிங்கரிலிருந்து மாலை போட்ட பிணம் வந்தது. அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். பசை சப்ளைக்காரர் மட்டும் அவசரத்தில் 'சூப்பர்' என்று போட்டுவிட்டார்.

மூன்றாவது லைனுக்கு ஓர் அக்கா சூப்பர்வைசர். நெமிலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேனில் வருவார். நாற்பதைத் தாண்டியவர், ஒரே பெண், அவள் காலேஜில் படிக்கிறாள். மெஷின் சத்தத்துக்கு மேல் போகிற குரல் அவருக்கு. ஆனால் தன்னைப் பற்றிப் பேசும்போது மட்டும் பக்கத்தில் இருக்கிறவருக்கே கேட்காது. அவரும் நானும் மதியம் ஒன்றாகச் சாப்பிடுவோம். ஒரு மாதமாக முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நடுவில் எழுந்து எழுந்து போவார். கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, வெயிலு ஜாஸ்தி" என்பார்.

பிறகு ஒருநாள் சொன்னார். வயிற்றில் கட்டி. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று வேலூரில் டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனைவிட அவருக்குப் பெரிய பேஜார் மாமியார்தான். காலேஜ் போகிற பேத்தியை வைத்துக்கொண்டு இன்னும் பேரனுக்கு வேண்டிக்கொண்டிருந்த அம்மா அவர். "வூட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லியிருக்கேன். அத்தைகிட்ட நேரம் பாத்து நானே சொல்லிக்கிறேன். ஆனா லீவுக்குக் காரணம் கேப்பாங்களே. அந்தக் குரூப்ல இதைப் போய் நான் எப்படிப் போடறது?"

எச்.ஆர். அதிகாரிக்குத் தனியாக அனுப்பச் சொன்னேன். எச்.ஆர். என்பது அதற்குத்தானே இருக்கிறது என்று அப்போது நினைத்திருந்தேன். அக்காவுக்கு டைப் அடிப்பது கைவராது. டாய்லெட் பக்கம் போய் நின்று, குரலாகப் பேசி அவருக்கு மட்டும் அனுப்பிவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்தபோது பாரம் இறங்கியவர் மாதிரி இருந்தார்.

எச்.ஆர். அதிகாரி கெட்டவர் அல்ல. தன் மேஜைக்கு வருகிற எதுவும் தன் மேஜையில் தங்கக்கூடாது என்கிற கொள்கை உள்ளவர், அவ்வளவுதான். வந்ததை மேலே தள்ளிவிடுவார். மேலே இருப்பது ஜி.எம்., ஜி.எம். இருப்பது குரூப்பில். ஆகவே அக்காவின் குரலை அப்படியே குரூப்பில் போட்டு, 'ஜி.எம். சார், ஃபார் யுவர் கைண்ட் அப்ரூவல்' என்று கீழே எழுதிவிட்டார்.

அப்போது நாங்கள் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கட்டிங் ஆட்கள் உட்காரும் மேஜையிலிருந்து முதலில் வந்தது. "சார், வணக்கம் சார், நான் மூணாவது லைன்லேர்ந்து பேசறேன்." அக்கா நிமிர்ந்து பார்த்தார். தன் குரல் தனக்கே சட்டென்று அடையாளம் தெரியாது போல. அதற்குள் பேக்கிங் ஆட்கள் பக்கமிருந்து இன்னொரு போன் ஆரம்பித்தது, பிறகு கை கழுவுமிடத்தில் ஒன்று. ஒரே குரல், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, கொஞ்சம் முன்னே பின்னே. "டாக்டர் கர்ப்பப்பைய எடுக்கணும்னு சொல்லிட்டாங்க சார்." "ரொம்ப உதிரம் போவுது சார், நிக்க முடியல." "வூட்ல அத்தைக்கு இன்னும் தெரியாது." கடைசி வரி எல்லாப் போனிலும் ஒன்றுதான், கேன்டீனின் வெவ்வேறு மூலைகளிலிருந்து வந்தது. "தயவுசெஞ்சு யாருக்கும் சொல்லாதீங்க சார்."

அதற்குப் பிறகுதான் ஆட்களுக்கு உறைத்தது. ஒவ்வொருத்தராகச் சத்தத்தைக் குறைத்தார்கள். குறைத்துவிட்டுக் காதில் வைத்துக் கேட்டார்கள்.

அக்கா டிபன் பாக்ஸை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. இன்னொரு தடவை அழுத்தி மூடினார். எழுந்து லைனுக்குப் போய்விட்டார். நானும் பின்னால் போனேன். "இன்னாக்கா..." என்று ஆரம்பித்தேன். "நீ போய் சாப்புடு" என்றார்.

குடும்பத்தார் தங்கள் கடமையைச் செய்தார்கள். கும்பிடும் கைகள், ரோஜாப் பூக்கள், சீக்கிரம் குணமாக வாழ்த்தி ஒரு கரடி பொம்மை. குரலைக் கேட்காமலேயே யாரோ பிறந்தநாள் கேக் ஒன்றை அனுப்பியிருந்தார். ஜி.எம். கட்டைவிரலைப் போட்டு, 'டேக் கேர். மூன்றாவது லைனை யார் பார்ப்பது?' என்று கேட்டிருந்தார். ஆம்பூர்க்காரர்கூடக் கும்பிட்டிருந்தார்.

நான் நேராக எச்.ஆர். அறைக்குப் போனேன். நான் கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை, அதனால் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"தப்பா போய்ட்டுதும்மா. பார்த்த உடனே டெலிட் பண்ணிட்டேன்" என்றார்.

"சார், அது இன்னும் இருக்கு."

"இல்லம்மா, இதோ பாரு." தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் உண்மையிலேயே இல்லை. என் போனை எடுத்து அவருக்குக் காட்டினேன். அதில் இருந்தது. அவர் இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தார். தன் போனிலிருந்து மட்டும் அழித்துவிட்டு, ஊர் முழுக்க அழிந்துவிட்டதாக நம்பி உட்கார்ந்திருந்தார் மனிதர்.

"அப்ப உன் போன்லதான் இன்னாவோ பிராப்ளம்" என்றார்.

மறுபடி அழிக்கலாம் என்றால், அழிக்க அவர் போனில் அந்தச் செய்தியே இல்லை. குரூப்பின் அட்மின் என்கிற முறையில் ஜி.எம். அழிக்கலாம். அவரிடம் போய்ச் சொன்னேன். "அப்ரூவல் குடுத்ததுக்கு அது ரெக்கார்டும்மா. இருக்கட்டும்" என்றார்.

அக்கா வரும் வேனின் டிரைவரும் குரூப்பில் இருந்தார். வேன் தாமதமானால் தெரிவிப்பதற்காகச் சேர்க்கப்பட்டவர். அக்காவின் தெருவிலேயே வீடு. சாயங்காலம் அக்கா வேனைவிட்டு இறங்கும்போது டிரைவரின் மனைவி அக்காவின் மாமியாரோடு வாசலில் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் டீ குடிக்கும்போது அக்கா சொன்னார்.

"அத்தை ஆபரேஷனுக்கு ஒண்ணும் சொல்லல. பேரன் பத்திக்கூடப் பேசல. 'டிரைவர் பொண்டாட்டி சொல்லி நான் தெரிஞ்சிக்கணுமா, அவ்ளோ ஆகாதவளா போய்ட்டேனா'ன்னு ஒரே அழுகை. நான் இன்னா பதில் சொல்றது? வூட்டுக்காரர் வேற, 'கம்பெனிக்குச் சொல்ல வாய் வந்துது, அம்மாவுக்குச் சொல்ல வரலியா'ன்றாரு."

டீயைக் குடித்து முடித்தார். போனை எடுத்தார், என் கண்முன்னாலேயே குரூப்பை விட்டு வெளியேறினார். குரூப்பில் அது ஒரு சின்னச் சாம்பல் நிற வரியாக வந்தது, இன்னார் வெளியேறினார் என்று. அதுவரை யாரும் தானாக வெளியேறியதில்லை. அப்படி ஒரு பட்டன் இருக்கிறது என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதியத்துக்குள் எச்.ஆர். அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு ராஜினாமாக் கடிதம் கேட்டார்.

"எதுக்கு சார்?"

"நீங்க லெஃப்ட் ஆயிட்டீங்களே."

"நான் குரூப்லேர்ந்துதான் சார் போனேன். கம்பெனிலேர்ந்து போகல. லைன்ல நின்னுகிட்டு இருக்கேன்."

"ஜி.எம். சார் அப்டித்தான் எடுத்துக்கிறாரு. ஃபேமிலிய விட்டுப் போனவங்க வேலையில இருக்க விருப்பமில்லாதவங்கன்றாரு."

அக்கா கடிதம் தரவில்லை. போகவும் இல்லை. தினமும் வந்து வாசலில் வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்தார், அது அவரை உள்ளே விட்டது. கம்பெனியில் யோசித்து நடந்துகொண்டது அந்த மெஷின் ஒன்றுதான். ஜி.எம். அவரோடு பேசுவதை நிறுத்தினார். பேசுவது என்றால் வாயால் அல்ல, அந்த வழக்கம் அவரிடம் முன்பே இல்லை. வேலை உத்தரவுகள் எல்லாம் குரூப்பில் வந்தன, மூன்றாவது லைனுக்கு மட்டும் எதுவும் போய்ச் சேரவில்லை. ஒரு மாடலுக்குக் கறுப்பு நூலை மாற்றிக் காப்பிக் கலர் நூல் போடும்படி ஒருநாள் காலையில் உத்தரவு போட்டார். மற்ற லைன்கள் மாற்றின. அக்காவின் லைன் மதியம் வரை கறுப்பிலேயே தைத்தது.

ஜி.எம். அன்றைக்கு ஷெட்டுக்குள் வந்தார். தைத்த ஷூ மேல்தோல் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "காலையிலேயே போட்டேனே" என்றார்.

"எங்க சார் போட்டீங்க?" என்றார் அக்கா.

"குரூப்ல."

"போடும்போது எங்க சார் நின்னுட்டிருந்தீங்க?"

அவர் கையிலிருந்ததை டேபிள்மேல் வைத்தார். மூன்றாவது லைனின் முனையில், ஃபேனுக்குக் கீழே நின்றுதான் போட்டார். அதை லைனில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். தலையைத் திருப்பினால் அக்கா. அவர் திருப்பவில்லை.

அடுத்த வாரம் அக்கா ஆபரேஷனுக்குப் போய்விட்டார். நல்லபடியாக முடிந்தது. நான் பார்க்கப் போனபோது ஆஸ்பத்திரியில் மாமியார்தான் கூட இருந்தார். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார், நடுவில் நடுவில் மருமகளைத் திட்டிக்கொண்டு.

அக்கா லீவில் இருக்கும்போதே ஆடிட் வந்தது. எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறோமா என்று பார்க்க ஆள் அனுப்பும். அதற்கு முந்தின நாள் மத்தியானம் ஆடிட் காகிதங்களில் கையெழுத்துக்காக நான் ஜி.எம். மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் போனை வாய்க்கு முன்னால் பிடித்து, குரூப்புக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஆடிட். ஓவர்டைம் உண்டான்னு கேட்டா, இல்ல. ஞாயித்துக்கிழமை வேலை உண்டா, இல்ல. போன்ல குரூப் வச்சிருக்கீங்களான்னு கேட்டா, குரூப்பே இல்ல. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். கேட்டவங்க ஓகே போடுங்க."

ஓகேக்கள் வந்து விழ ஆரம்பித்தன. அவர் ஒவ்வொன்றாகத் திருப்தியோடு தள்ளிக்கொண்டே வந்தார். ஆம்பூர்க்காரரும் ஓகே போட்டிருந்தார். அதற்குக் கீழே பெயரில்லாத ஒரு நம்பரிலிருந்து, 'ஓகே. நோட்டட்' என்று இருந்தது.

"யாரு இது? நோட்டட்டாம்" என்று முனகிக்கொண்டு, பெயரும் டிபார்ட்மெண்டும் போடச் சொல்லிக் கேட்டார். பதில் உடனே வந்தது. அவர் தன் போனில் படித்த அதே நேரம் நான் என் போனில் படித்தேன். ஒரு பெண்ணின் பெயர். டிபார்ட்மெண்ட் என்ற இடத்தில், அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் சென்னை ஆபீஸ். நாளைக்கு ஆடிட்டரோடு தானும் வருவதாகவும் போட்டிருந்தார்.

அவரைச் சேர்த்தது ஜி.எம்.தான். கன்டெய்னரில் பெட்டிகளை எப்படி அடுக்கினீர்கள் என்று எப்போதோ அந்த மேடம் போட்டோ கேட்க, தனியாக அனுப்ப அலுத்துப்போய்க் குரூப்பிலேயே சேர்த்துவிட்டிருக்கிறார். அத்தோடு மறந்துவிட்டார். அந்தம்மா மறக்கவில்லை. சூரியன், புலி, வயிற்றுப்போக்கு, பிணம், எல்லாவற்றையும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜி.எம். அவசரமாக அவரைக் குரூப்பிலிருந்து நீக்கினார். நீக்கியது சாம்பல் நிற வரியாக எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். நான் காகிதத்தை நீட்டினேன். படிக்காமல் எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டார், ஆடிட்டருக்கு இடம் விட்டிருந்த கட்டத்திலும் சேர்த்து.

மறுநாள் மீட்டிங் அறைக்கு ஃபைல்களைக் கொண்டுபோனது நான். மேடம் சின்ன உருவம். பருத்திப் புடவை, ஓரத்தில் நூல் பிரிந்த கைப்பை. ஓவர்டைம் பற்றி ஆடிட்டர் கேட்டுக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் மேடம் எச்.ஆர். அதிகாரியைப் பார்த்து, "அந்த வாய்ஸ்ல பேசின அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"எந்த வாய்ஸ் மேடம்?"

"கர்ப்பப்பை ஆபரேஷன்."

"அதை நான் அன்னைக்கே டெலிட் பண்ணிட்டேன் மேடம்" என்றார் எச்.ஆர். அதிகாரி. அப்போதும் அவர் அதை நம்பினார்.

"என்கிட்ட இருக்கு. போட்டுக் காட்டலாம்தான். யாருக்கும் சொல்லாதீங்கன்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க. அதனால வேணாம். ஒரு பொம்பளையோட ஆபரேஷன் விஷயம் சென்னையில இருக்கற எனக்கு எதுக்கு வந்தது? அதை மட்டும் எழுதிக் குடுங்க."

ஜி.எம். தண்ணீர் குடித்தார். மேடத்தைப் பாராட்ட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரல் வந்த அன்றைக்கே அவரும் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, ஆடிட் தேதி வரும்வரை பையில் வைத்திருந்திருக்கிறார். மேடம் வாசலில் வண்டிக்காக நின்றபோது அதைக் கேட்டேவிட்டேன். "ஏன் மேடம் அப்பவே ஒரு வார்த்தை சொல்லல?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "அது என் ஸ்கோப்ல வராதும்மா" என்றார். வண்டி வந்தது.

அதற்கப்புறம் சீர்திருத்தம். காசு கொடுத்து ஆபீஸுக்கென்றே ஒரு ஆப் வாங்கினார்கள். அதில் லீவு கேட்டால் எச்.ஆர். மட்டும்தான் பார்க்க முடியும். ஊழியர்களின் அந்தரங்கத்தைப் பாதுகாப்பது எப்படி என்று திரை கட்டி ஒரு வகுப்பும் நடந்தது. வகுப்பை எடுத்தவர் ஜி.எம். 'புரொடக்‌ஷன் ஃபேமிலி'யைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார். அந்த வகுப்பின் போட்டோக்கள் அன்றைக்கே 'அஃபீஷியல் ஒன்லி' என்ற புதுக் குரூப்பில் வந்தன. வாங்கிய ஆப்பின் பாஸ்வேர்டு பாதிப் பேருக்கு மறந்துபோனது. மறந்தவர்களுக்கு அதை அந்தக் குரூப்பிலேயே போட்டார்கள்.

அக்கா லீவு முடிந்து வந்தார். ராஜினாமாப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. முதல் நாள் ஜி.எம். ஒரு பழக்கூடையோடு மூன்றாவது லைனுக்கு வந்தார். பின்னாலேயே எச்.ஆர். அதிகாரி, கையில் போனோடு. கூடையைக் கொடுக்கும்போது படம் எடுக்கத் தயாராக நின்றார்.

"இந்தப் போட்டோ எங்க சார் போவும்?" என்று அக்கா கேட்டார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜி.எம். கூடையை டேபிள்மேல் வைத்துவிட்டு, "ஒடம்ப பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். படம் எடுக்கவில்லை. லைனில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு ஆப்பிள் கிடைத்தது. அக்கா எனக்கும் ஒன்று கொடுத்தனுப்பினார்.

புதுக் குரூப்பில் சேரச் சொல்லி அக்காவுக்கு அழைப்பு வந்தது. அவர் சேரவில்லை. "எதுனா சொல்லணும்னா வந்து சொல்லுங்க சார், இங்கதான் இருப்பேன்" என்றார். வேறு வழியில்லாமல் ஜி.எம். இப்போது தினமும் ஷெட்டைக் கடந்து மூன்றாவது லைனுக்கு நடக்கிறார். மெஷின் சத்தத்தில் அவர் சொல்வது கேட்காது. அக்கா கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, "இன்னா சார்?" என்பார். அவர் மறுபடி, இன்னும் சத்தமாகச் சொல்வார்.